தொழிலக அளவீட்டுக் கருவிகளில் வலையமைப்பு முகவரி அமைத்தல்

தொழிலக அளவீட்டுக் கருவிகளில் வலையமைப்பு முகவரி அமைத்தல் என்பது, தொழிற்சாலைகள், மின்நிலையங்கள், நீர் வழங்கல் நிலையங்கள் போன்ற இடங்களில் நிறுவப்படும் மின்னாற்றல்மானி, பாய்வுமானி, மட்டமானி, அழுத்த அளவி முதலிய கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்த அடையாளம் ஒன்றை வழங்குவதாகும். கட்டுப்பாட்டு அறையில் உள்ள கணினி இவ்வடையாளத்தைக் கொண்டே குறிப்பிட்ட கருவியை அழைத்து அதன் அளவீட்டைப் பெறுகின்றது. கருவியின் வகையைப் பொறுத்து இது ஒரு மோட்பஸ் முகவரியாகவோ, ஐபி முகவரியாகவோ, புரொஃபிநெட் வலையமைப்பில் ஒரு பெயராகவோ இருக்கலாம்.

அலுவலகக் கணினி ஒன்றின் முகவரி தவறாக இருந்தால் இணைப்புக் கிடைக்காது. பிழை உடனே தெரிந்துவிடும். அளவீட்டுக் கருவிகளில் நிலைமை வேறு. தவறான முகவரியில் வேறொரு கருவி இருக்கக்கூடும். அது எவ்விதப் பிழைச்செய்தியும் இன்றித் தன் அளவீட்டை அனுப்பும். திரையில் தோன்றும் எண் நம்பத்தக்கதாகவே இருக்கும். ஆனால் அது வேறொரு தொட்டியின் மட்டமாக இருக்கும். ஆகவே முகவரி அமைத்தல் இணைப்பை ஏற்படுத்தும் வேலை மட்டுமன்று. அளவீடு எந்தப் பொருளுடையது என்பதை உறுதி செய்யும் வேலையும் ஆகும்.

பின்னணி

நீண்ட காலமாகத் தொழிலகக் கருவிகள் தம் அளவீட்டை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்பி வந்துள்ளன. அளவீட்டு வீச்சின் கீழெல்லையை 4 மில்லிஆம்பியரும் மேலெல்லையை 20 மில்லிஆம்பியரும் குறிக்கும். இம்முறையில் ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு சோடிக் கம்பி தனியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்கின்றது. எந்தக் கம்பி எந்த முனையில் இணைக்கப்பட்டுள்ளது என்பதே கருவியின் அடையாளம். கம்பியே முகவரியாக இருப்பதால் வேறு முகவரி தேவைப்படுவதில்லை. இம்முறை இன்றும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது.

ஒரே சோடிக் கம்பியில் பல கருவிகளை இணைக்கும் தடங்கள் வந்தபோது முகவரியின் தேவை எழுந்தது. 1979 இல் மோடிகான் நிறுவனம் மோட்பஸ் நெறிமுறையை வெளியிட்டது. 1980களில் ஹார்ட் நெறிமுறை உருவானது. பின்னர் ஈத்தர்நெட் தொழிற்கூடங்களுக்குள் வந்ததும், மோட்பஸ் டிசிபி, ஈத்தர்நெட்/ஐபி, புரொஃபிநெட் போன்ற நெறிமுறைகளுடன் ஐபி முகவரியும் கருவிகளுக்கு உரியதாயிற்று. இரண்டு கம்பிகளில் நீண்ட தொலைவுக்கு ஈத்தர்நெட்டைக் கொண்டு செல்லும் ஐஇஇஇ 802.3சிஜி செந்தரம் 2019 இல் ஏற்கப்பட்டது. அதன் அடிப்படையிலான ஈத்தர்நெட்-ஏபிஎல் 2021 இல் அறிமுகமானது. இதனால் வெடிப்பு அபாயம் உள்ள இடங்களில் பொருத்தப்படும் சிறு கருவிகளும் ஐபி முகவரி பெறத் தொடங்கியுள்ளன.

மோட்பஸ் தடத்தில் முகவரி

மோட்பஸ் ஆர்டியு பெரும்பாலும் ஆர்எஸ்-485 தடத்தின் மேல் இயங்குகின்றது. இதில் ஒரு கருவிக்கு 1 முதல் 247 வரையிலான எண் ஒன்றை முகவரியாக வழங்கலாம். 0 என்பது எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்புவதற்கு உரியது. அதற்கு எந்தக் கருவியும் மறுமொழி அனுப்புவதில்லை. 248 முதல் 255 வரையிலான எண்கள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. முகவரி சரியாக இருந்தாலும், தரவு வேகமும் சமநிலை பிட்டும் தடத்திலுள்ள எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இல்லாவிடில் தொடர்பு ஏற்படாது.

பல கருவிகள் தொழிற்சாலையிலிருந்து 1 என்ற முகவரியுடனேயே வருகின்றன. பத்துப் புதிய மின்னாற்றல்மானிகளை முகவரி மாற்றாமல் ஒரே தடத்தில் இணைத்துவிட்டு, "1 என்ற முகவரியை 5 ஆக மாற்று" என்று கட்டளை அனுப்பினால், பத்தும் அக்கட்டளையை ஏற்று 5 ஆக மாறிவிடும். எனவே புதிய கருவிகளை ஒவ்வொன்றாகத் தடத்தில் இணைத்து, ஒன்றின் முகவரியை மாற்றிய பின்னரே அடுத்ததை இணைக்க வேண்டும்.

கருவியின் முகவரியும் பதிவக முகவரியும் வெவ்வேறானவை. முதலாவது எந்தக் கருவி என்பதையும், இரண்டாவது அக்கருவியினுள் எந்த அளவீடு என்பதையும் குறிக்கும். கையேடுகளில் 40108 என்று எழுதப்படும் பதிவகம் தடத்தில் 107 என்ற எண்ணாகவே அனுப்பப்படும். ஏனெனில் கையேட்டு எண்கள் 1 இலும் தடத்தின் எண்கள் 0 இலும் தொடங்குகின்றன. இந்த ஒன்று என்ற வேறுபாட்டைக் கவனிக்காவிடில் மின்னழுத்தம் வர வேண்டிய இடத்தில் மின்னோட்டம் வரக்கூடும்.

ஹார்ட் முகவரி

ஹார்ட் நெறிமுறை 4-20 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தின் மேலேயே எண்ணிமத் தகவலை ஏற்றி அனுப்புகின்றது. தனியாக இணைக்கப்பட்ட கருவியின் முகவரி 0 ஆகும். பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிரும்போது 1 முதல் 15 வரையிலான முகவரிகள் வழங்கப்பட்டன. ஆறாம் பதிப்பில் இவ்வெல்லை 63 ஆக உயர்த்தப்பட்டது.

ஐந்தாம் பதிப்பு வரையிலான கருவிகளில், 0 அல்லாத முகவரி வழங்கப்பட்டவுடன் மின்னோட்டம் 4 மில்லிஆம்பியரில் நிலையாக நின்றுவிடும். பல கருவிகள் ஒரே கம்பியில் இருக்கும்போது அளவீடு எண்ணிமத் தகவலாகவே படிக்கப்படுவதால் இது தேவையானதே. ஆனால் மின்னோட்டத்தை நம்பி இயங்கும் ஒரு மட்டமானியில் இவ்வாறு முகவரியை மாற்றினால், கட்டுப்பாட்டுப் பொறி தொட்டி காலியாக இருப்பதாகவே எப்போதும் எண்ணிக்கொள்ளும். நீரேற்றி நிறுத்தப்படாமல் தொட்டி நிரம்பி வழியலாம். ஆறாம் பதிப்பிலிருந்து மின்னோட்டத்தை நிலைநிறுத்துவது முகவரியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்பாக ஆக்கப்பட்டுள்ளது.

ஐபி முகவரியின் கூறுகள்

ஈத்தர்நெட் இணைப்புள்ள கருவியில் வழக்கமாக மூன்று மதிப்புகள் அமைக்கப்படுகின்றன.

1. ஐபி முகவரி: ஐபி பதிப்பு 4 இல் இது 32 பிட் நீளமுடையது. 192.168.10.21 என்பதுபோல நான்கு எண்களாக எழுதப்படும். தனியார் வலையமைப்புகளுக்கென 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை, 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை ஆகிய மூன்று தொகுதிகள் 1996 இல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணத்தில் குறிக்கப்பட்டுள்ளன. தொழிலகக் கருவிகளுக்கு இவற்றிலிருந்தே முகவரி வழங்குவது வழக்கம்.

2. சப்நெட் மாஸ்க் எனப்படும் துணைவலை மறைப்பு: முகவரியின் எப்பகுதி வலையமைப்பையும் எப்பகுதி கருவியையும் குறிக்கின்றது என்பதை இது தெரிவிக்கும். 255.255.255.0 எனில் ஒரு துணைவலையில் 254 கருவிகளுக்கும், 255.255.255.128 எனில் 126 கருவிகளுக்கும், 255.255.255.240 எனில் 14 கருவிகளுக்கும் இடமுண்டு.

3. இயல்புநிலை நுழைவாயில்: வேறு துணைவலைக்குச் செல்ல வேண்டிய தகவலை ஏற்றுக்கொள்ளும் திசைவியின் முகவரி. இது அமைக்கப்படாத கருவி, அருகில் இணைக்கப்பட்ட மடிக்கணினிக்கு மறுமொழி அளிக்கும். வேறு துணைவலையிலுள்ள தலைமை அலுவலகக் கணினிக்கு அளிக்காது.

துணைவலை மறைப்பில் ஏற்படும் பிழை கண்டறியக் கடினமானது. எடுத்துக்காட்டாக, கருவியின் முகவரி 192.168.10.200, மறைப்பு 255.255.255.0 என்றும், கணினியின் முகவரி 192.168.10.20, மறைப்பு 255.255.255.128 என்றும் கொள்வோம். கருவியின் பார்வையில் கணினி தன் துணைவலையிலேயே உள்ளது. கணினியின் பார்வையிலோ 127 வரையிலான எண்களே தன் துணைவலை. 200 வேறிடத்தைச் சேர்ந்தது. எனவே அது தன் கோரிக்கையை நுழைவாயிலுக்கு அனுப்பும். நுழைவாயில் இல்லையெனில் கோரிக்கை கணினியை விட்டே வெளியேறாது. இரு முகவரிகளும் பார்வைக்குச் சரியாக இருப்பதால் பழுது வடத்தில் இருப்பதாகத் தேடப்படுவதுண்டு.

முகவரி வழங்கும் முறைகள்

சிறு நிலைமாற்றிகள்: கருவியின் உட்பலகையில் உள்ள டிப் சுவிட்சுகள் அல்லது சுழல் குமிழ்கள் மூலம் எண் அமைக்கப்படும். டிப் சுவிட்சுகளின் மதிப்புகள் பெரும்பாலும் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும். 21 என்ற முகவரிக்கு 16, 4, 1 ஆகிய மூன்றையும் இயக்க நிலையில் வைக்க வேண்டும். பல கருவிகள் இவற்றை மின்னிணைப்புத் தரப்படும்போது மட்டுமே படிப்பதால், மாற்றிய பின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்க வேண்டும்.

முகப்புப் பலகை: கருவியின் பொத்தான்களைக் கொண்டு எண்களை உள்ளிடலாம். சில திரைகள் ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக, 192.168.010.021 எனக் காட்டும். இதை அப்படியே கணினியில் தட்டச்சு செய்யக்கூடாது. சுழியத்தில் தொடங்கும் எண்ணைப் பல நிரல்கள் எட்டடிமான எண்ணாகக் கொள்வதால் 010 என்பது 8 ஆகவும் 021 என்பது 17 ஆகவும் மாறி, அழைப்பு 192.168.8.17 என்ற வேறு முகவரிக்குச் சென்றுவிடும்.

இணைய உலாவி: கருவியினுள் உள்ள சிறு வலைப்பக்கத்தின் மூலம் அமைத்தல். இதற்கு மடிக்கணினியின் முகவரியைத் தற்காலிகமாகக் கருவியின் துணைவலைக்கு மாற்ற வேண்டும். புதிய முகவரியைச் சேமித்தவுடன் பக்கம் உறைந்து நிற்கும். இது பழுதன்று, கருவி புதிய முகவரிக்குச் சென்றுவிட்டதன் விளைவே.

பூட்பி, டிஎச்சிபி: வலையமைப்பில் உள்ள வழங்கி ஒன்று கருவிக்கு முகவரியை அளிக்கின்றது. பூட்பி 1985 இலும், டிஎச்சிபி 1993 இலும் வரையறுக்கப்பட்டன. டிஎச்சிபியின் ஆர்எஃப்சி 2131 ஆவணம் 1997 இல் வெளியானது. டிஎச்சிபி அளிக்கும் முகவரி மாறக்கூடியது என்பதால், கருவியின் மேக் முகவரிக்கு ஒரே ஐபி முகவரி எப்போதும் கிடைக்குமாறு முன்பதிவு செய்யப்படுகின்றது. பழுதான கருவிக்கு மாற்றாக வரும் புதியதன் மேக் முகவரி வேறாக இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். இதற்குத் தீர்வாக, சுவிட்சின் எந்தப் போர்ட்டில் கருவி இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு முகவரி வழங்கும் முறையும் உண்டு. இது டிஎச்சிபியின் 82 ஆம் தெரிவைப் பயன்படுத்துகின்றது.

தானே தெரிவு செய்தல்: வழங்கி கிடைக்காதபோது சில கருவிகள் 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும். இது 2005 இல் வெளியான ஆர்எஃப்சி 3927 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. டிஎச்சிபி பயன்படும் கருவியொன்று இத்தகைய முகவரியைக் காட்டினால், பெரும்பாலும் வழங்கி அதற்கு முகவரி அளிக்கவில்லை என்பதே பொருள்.

புரொஃபிநெட் பெயர்: புரொஃபிநெட் கருவிக்குப் பொறியாளர் முதலில் ஒரு பெயரையே வழங்குகின்றார். கட்டுப்பாட்டுப் பொறி இயங்கத் தொடங்கும்போது அப்பெயரைக் கொண்டு கருவியைத் தேடி அதற்குரிய ஐபி முகவரியை அளிக்கும். பெயர் வழங்கும் மென்பொருளிலிருந்து கருவியின் விளக்கைச் சிமிட்டச் செய்து, சரியான கருவிதானா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம்.

படிமுறை

புதிய ஈத்தர்நெட் கருவி ஒன்றுக்கு நிலையான முகவரி அமைக்கும் பொதுவான ஒழுங்கு பின்வருமாறு.

1. முகவரிப் பதிவேட்டிலிருந்து பயன்படாத முகவரி ஒன்றைத் தெரிவு செய்து, கருவியின் பெயரில் முதலில் எழுதிக்கொள்ளுதல்.
2. அம்முகவரிக்குப் பிங் கட்டளை அனுப்பிப் பார்த்தல். மறுமொழி வந்தால் அது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. மறுமொழி வராததை மட்டும் கொண்டு முகவரி காலி என்று முடிவு செய்யலாகாது. அங்குள்ள கருவி அப்போது அணைக்கப்பட்டிருக்கலாம்.
3. கருவியைப் பொது வலையமைப்பில் இணைக்காமல் மடிக்கணினியுடன் மட்டும் நேரடியாக இணைத்தல். ஒரே வகைக் கருவிகள் ஒரே முன்னிருப்பு முகவரியுடன் வருவதால் இது இன்றியமையாதது.
4. ஐபி முகவரி, துணைவலை மறைப்பு, நுழைவாயில் ஆகிய மூன்றையும் உள்ளிட்டுச் சேமித்தல்.
5. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்து, புதிய முகவரி நிலைத்திருக்கின்றதா எனப் பார்த்தல். சில கருவிகளில் தனியாகச் சேமிக்கும் கட்டளை தராவிடில், அடுத்த மின்தடையில் பழைய முகவரி திரும்பிவிடும்.
6. முன்னிருப்புக் கடவுச்சொல்லை மாற்றுதல்.
7. கருவியை அதற்குரிய இடத்தில் இணைத்து, முகவரியை எழுதிய சீட்டைக் கருவியின் மேல் ஒட்டுதல்.
8. கீழே கூறப்படும் சரிபார்ப்பைச் செய்து, வரிசை எண், மேக் முகவரி, நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்தல்.

நெறிமுறை மாற்றியின் பின்னால் உள்ள கருவிகள்

பழைய ஆர்எஸ்-485 கருவிகளை ஈத்தர்நெட்டுடன் இணைக்க நெறிமுறை மாற்றி பயன்படுகின்றது. இதுவும் வழக்கில் கேட்வே என்றே அழைக்கப்படுவதால், மேலே கூறிய இயல்புநிலை நுழைவாயிலுடன் குழப்பிக்கொள்ளக்கூடாது. மோட்பஸ் டிசிபியில் கோரிக்கை மாற்றியின் ஐபி முகவரிக்கு, 502 என்ற போர்ட் எண்ணில் செல்லும். அதனுள் உள்ள ஒரு பைட் அலகு எண்ணைக் கண்டு, மாற்றி கோரிக்கையைத் தடத்தில் உள்ள உரிய கருவிக்கு அனுப்பும்.

இங்கு ஓர் அளவீட்டுக்கு இரண்டு முகவரிகள் உள்ளன. ஐபி முகவரி தவறினால் பெரும்பாலும் தொடர்பு அறும். அலகு எண் தவறினால் அதே தடத்திலுள்ள இன்னொரு கருவி மறுமொழி அளிக்கும். ஒரே வகையான இருபது மின்னாற்றல்மானிகள் உள்ள தடத்தில், ஒரு பிரிவின் மின்சாரச் செலவு மாதக்கணக்கில் இன்னொரு பிரிவின் பெயரில் எழுதப்படுவதற்கு இந்த ஒரு பைட் போதுமானது.

முகவரி மோதல்

இரண்டு கருவிகள் ஒரே முகவரியைக் கொண்டிருப்பது முகவரி மோதல் எனப்படும். ஆர்எஸ்-485 தடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் மறுமொழி அனுப்புவதால் தகவல் சிதைந்து, பிழைச் சோதனையில் நிராகரிக்கப்படும். ஈத்தர்நெட்டில் விளைவு வேறானது. ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கண்டறிய 1982 இல் வரையறுக்கப்பட்ட ஏஆர்பி நெறிமுறை பயன்படுகின்றது. கணினியின் ஏஆர்பி அட்டவணையில் எந்தக் கருவியின் மேக் முகவரி அப்போது பதிவாகியுள்ளதோ, அக்கருவியுடனேயே தொடர்பு நிகழும். பதிவு மாறும்போது கருவியும் மாறும். அளவீடு ஒரு வேளை வருவதும் மறு வேளை நிற்பதும், அல்லது இரண்டு மதிப்புகளுக்கிடையே தாவுவதும் இதன் அறிகுறிகளாகும்.

ஐயத்திற்குரிய கருவியின் வடத்தைக் கழற்றிய பின்னும் அதன் முகவரியிலிருந்து மறுமொழி வருமாயின் மோதல் உறுதியாகின்றது. மேக் முகவரியின் முதல் 24 பிட்டுகள் வழக்கமாக உற்பத்தியாளரைக் குறிப்பதால், மற்றக் கருவி எவ்வகையானது என்பதை ஊகிக்கலாம். முகவரியை ஏற்குமுன் அது பயன்பாட்டில் உள்ளதா என்று கருவியே கேட்டறியும் முறை 2008 இல் ஆர்எஃப்சி 5227 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. எல்லாக் கருவிகளும் இதைப் பின்பற்றுவதில்லை.

சரிபார்த்தல்

பிங் கட்டளைக்கு வரும் மறுமொழி, அம்முகவரியில் ஏதோ ஒரு கருவி உள்ளது என்பதை மட்டுமே காட்டும். அது வேண்டிய கருவிதான் என்பதைப் பின்வரும் முறைகளால் உறுதி செய்யலாம்.

* கருவியின் வரிசை எண்ணை வலையமைப்பின் வழியாகப் படித்து, அதன் பெயர்ப்பலகையில் பொறிக்கப்பட்டதுடன் ஒப்பிடுதல். மோட்பஸில் 43 ஆம் செயற்கூறு கருவியின் அடையாளத் தகவலைத் தரக்கூடியது. எல்லாக் கருவிகளிலும் இது இருப்பதில்லை.
* ஒருவர் கருவியின் அருகிலும் மற்றொருவர் கட்டுப்பாட்டு அறையிலும் நின்று, ஒரே நேரத்தில் இரு திரைகளின் எண்களையும் ஒப்பிடுதல்.
* அளக்கப்படும் பொருளையே மாற்றிப் பார்த்தல். வெப்ப உணரியைக் கையால் பற்றிச் சூடேற்றலாம். மின்னாற்றல்மானியின் கீழுள்ள ஒரு சுமையை உரிய அனுமதியுடன் நிறுத்தலாம்.
* கருவியின் தகவல் வடத்தைக் கழற்றி, கட்டுப்பாட்டு அறையின் திரையில் எந்த அளவீடு நிற்கின்றது என்று பார்த்தல். வேறொரு கருவியின் பெயருக்கு எதிரே "தொடர்பு இல்லை" எனத் தோன்றினால் இரண்டின் முகவரிகளும் மாறியுள்ளன.

இணையாக இயங்கும் இரண்டு கொதிகலன்கள், அடுத்தடுத்து அமைந்த இரண்டு தொட்டிகள் போன்றவற்றில் அளவீடுகள் இயல்பாகவே நெருங்கியிருக்கும். அங்கு எண்களை ஒப்பிடுவதால் மட்டும் பிழை வெளிப்படாது. கடைசி இரண்டு முறைகளே உறுதியானவை. கட்டுப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் பயன்படும் கருவிகளில் இவற்றை ஆலை நிறுத்தப்பட்டிருக்கும் வேளையிலேயே செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

மோட்பஸ் நெறிமுறையின் மூல வடிவில் கடவுச்சொல்லோ மறையாக்கமோ இல்லை. முகவரியை அறிந்து அதை எட்டக்கூடிய எவரும் அளவீட்டைப் படிக்கவும், பல கருவிகளில் அமைப்புகளை மாற்றவும் முடியும். சான்றிதழும் மறையாக்கமும் கொண்ட மோட்பஸ் டிசிபி பாதுகாப்பு வடிவம் 2018 இல் வெளியானது. இது 802 என்ற போர்ட் எண்ணைப் பயன்படுத்துகின்றது.

தனியார் ஐபி முகவரிகள் இணையத்தில் நேரடியாகச் செல்லுபடியாவதில்லை. ஆயினும் திசைவியில் போர்ட் திருப்பிவிடுதல் அமைக்கப்பட்டாலோ, பொது முகவரியுள்ள கைபேசி மோடத்துடன் கருவி இணைக்கப்பட்டாலோ அது உலகம் முழுவதற்கும் திறந்ததாகிவிடும். இவ்வாறு திறந்துள்ள கருவிகளைத் தேடித் தரும் ஷோடான் தேடுபொறி 2009 முதல் இயங்கி வருகின்றது. 2023 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள அலிகிப்பா நகர நீர் ஆணையத்தில், நீரழுத்தத்தைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பொறி ஊடுருவப்பட்டது. நிலையம் கைமுறை இயக்கத்துக்கு மாற்றப்பட்டது. அப்போது தாக்கப்பட்ட இத்தகைய பொறிகள் இணையத்தில் திறந்திருந்ததையும், முன்னிருப்புக் கடவுச்சொல் மாற்றப்படாதிருந்திருக்கக்கூடும் என்பதையும் அந்நாட்டின் இணையப் பாதுகாப்பு முகமை சுட்டிக்காட்டியது.

எனவே அளவீட்டுக் கருவிகளை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்துத் தனித் துணைவலையில் வைப்பதும், தொலைவிலிருந்து அணுக வேண்டியவிடத்து விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்துவதும், தொலைவிலிருந்து முகவரியை மாற்றும் வசதியை அமைப்பு வேலை முடிந்ததும் பூட்டி வைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* ஐபி முகவரி
* மோட்பஸ்
* ஈத்தர்நெட்
* ஸ்காடா
* திசைவி